பாங்காக்கின் பௌத்த ஆலயங்கள்: கட்டடக்கலை பார்க்க விரும்புபவர் எங்கிருந்து தொடங்குவது?

உப்பளம் வரைவாளர் (புதுச்சேரி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அலுவலகப் பணியாக அடுத்த மாதம் பாங்காக் செல்கிறேன். வார நாட்கள் கூட்டங்களிலேயே கழிந்துவிடும். சனி, ஞாயிறு மட்டும் என் கையில் இருக்கும். கட்டட வரைபடம் வரைவது என் தொழில் என்பதால், கடைத்தெருக்களைக் காட்டிலும் அந்நகரத்துப் பௌத்த ஆலயங்களைப் பார்க்கவே ஆசைப்படுகிறேன்.

என் சிக்கல் இதுதான். வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலுக்கோ திருப்பாதிரிப்புலியூருக்கோ சென்றால் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதிட்டானத்தில் தொடங்கி, சுவர், கூரைப்பகுதி, விமானத்தின் தளங்கள் எனக் கண் தானாகவே மேலேறும். பாங்காக் ஆலயங்களின் படங்களைப் பார்க்கும்போது அப்படி ஒரு பிடி கிடைக்கவில்லை. எல்லாம் பொன்னாகவும் கண்ணாடிச் சில்லாகவும் மின்னுகின்றன. எது கருவறை, எது கோபுரம், எது வெறும் அலங்காரம் என்று பிரித்தறிய முடியவில்லை. நேரில் பார்த்தவர்கள், எந்த ஆலயத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று சற்று விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கெடிலக்கரை (கடலூர்) எழுதியது:

வணக்கம் ஐயா. பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மகள் சில ஆண்டுகள் பாங்காக்கில் வசித்ததால் அந்த ஆலயங்களைச் சாவகாசமாகப் பார்க்க வாய்த்தது.

உங்கள் குழப்பத்தின் வேர் ஒன்றுதான் என்று கருதுகிறேன். நம் கோயிலில் மூலவர் இருக்கும் அறையும் அதன்மேல் எழும் விமானமும் ஒரே கட்டடம். அங்கே அவை இரண்டும் பிரிந்து நிற்கின்றன. புத்தர் சிலை இருப்பது நீண்ட, உயர்ந்த, ஓடு வேய்ந்த ஒரு மண்டபத்தில். வானை நோக்கி எழும் கூம்பு தனியாக வெளியே நிற்கிறது. அது பெரும்பாலும் உள்ளே நுழைய இடமில்லாத திண்மையான கட்டுமானம். நினைவுப்பொருளோ அரசர்களின் அஸ்தியோ அதற்குள் வைக்கப்பட்டிருக்கும். ஆகவே கோபுரத்தின் அடியில் சந்நிதியைத் தேடினால் கிடைக்காது. மண்டபத்தை அதன் கூரைக்காகவும், கூம்பை அதன் உருவரைக்காகவும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

மண்டபங்களில் இரு வகை உண்டு. துறவிகளுக்குத் தீட்சை அளிக்கும் சடங்கு நடப்பது உபோசத் என்ற மண்டபம். பொதுமக்கள் வழிபடக் கூடுவது விஹான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் உபோசத்தைச் சுற்றி எட்டுத் திசைகளிலும் சேமா எனப்படும் எல்லைக்கற்கள், பெரும்பாலும் சிறு மாடங்களுக்குள், நிற்கும். நம் பிராகாரத்தில் எண்திசைப் பலிபீடங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை உடனே பிடிபட்டுவிடும். ஒன்பதாவது கல் ஒன்று மண்டபத்தின் நடுவே தரைக்கடியில் புதைக்கப்பட்டிருக்கும் என்பார்கள்.

கூரையை ஒரு வரைவாளர் தவறாமல் வரைந்து பார்க்க வேண்டும். ஒரே சரிவாக இறங்காமல், நீளவாட்டில் இரண்டு மூன்று கூரைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகியதுபோல் அடுக்கடுக்காகக் குறைந்து வரும். குறுக்குவாட்டிலும் சரிவு படிப்படியாக உடைந்து இறங்கும். முக்கோண முகப்பின் இருபுறமும் வளைந்து இறங்கும் பலகை நாகத்தின் உடலாகவும், கீழ்முனை நாகத்தின் தலையாகவும், உச்சியில் வானை நோக்கி நீளும் மெல்லிய கொம்பு பறவைத் தலையாகவும் அமைந்திருக்கும். அவ்வளவு பெரிய கூரை கனமாகத் தெரியாமல் போவதற்கு இந்தப் படிமுறைப் பிரிவே காரணம்.

இவற்றையெல்லாம் நெரிசல் இல்லாமல் பார்க்க ஏற்ற இடம் வாட் சுதாட் (வாட் என்றால் ஆலயம்). 1782இல் பாங்காக்கைத் தலைநகராக்கிய அரசர் முதலாம் ராமா 1807இல் தொடங்கிய ஆலயம் அது. மூன்றாம் ராமா காலத்தில் நிறைவுற்றது. விஹானில் உள்ள 8 மீட்டர் உயர வெண்கலப் புத்தர், 14ஆம் நூற்றாண்டில் பழைய தலைநகரான சுகோதாயில் வார்க்கப்பட்டு, ஆற்று வழியாகப் பாங்காக்கிற்குக் கொண்டுவரப்பட்டவர். பின்னால் உள்ள உபோசத் ஏறத்தாழ 72 மீட்டர் நீளம் கொண்டது; தாய்லாந்திலேயே நீளமானது என்று சொல்கிறார்கள். சுற்றுமாளிகையின் வாயிலில் நின்று பக்கவாட்டுத் தோற்றத்தைப் பாருங்கள். வெள்ளைச் சுவரும் சதுரத் தூண்களும் எவ்வளவு எளிமையாக இருக்கின்றன, கூரை எவ்வளவு பேசுகிறது என்பது தெரியும்.

என்னைக் கேட்டால் அரண்மனை வளாகத்தை விட்டுவிடலாம். அங்குள்ள கூட்டத்தில் நிதானமாக நின்று எதையும் பார்க்க இயலாது.

சுதை வேலை (வில்லியனூர்) எழுதியது:

கெடிலக்கரை ஐயா கூரையைப் பற்றிச் சொன்னார். நான் மேற்பரப்பைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் குடும்பம் தலைமுறையாகக் கோபுரங்களில் சுதை வேலை செய்வது. குடமுழுக்குக்கு முன்னால் பொம்மைகளைப் பழுது பார்ப்பது, உடைந்த கைகால்களைப் புதிதாகப் பிடிப்பது, வண்ணம் பூசுவது எல்லாம் எங்கள் பொறுப்பு. அந்தக் கண்ணோடு போனதால் வாட் அருணில்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரையில், வாட் போவுக்கு எதிரே இருக்கிறது அந்த ஆலயம். நடுவிலுள்ள பெருங்கூம்பைப் பிராங் என்கிறார்கள். கம்போடியாவின் அங்கோர்க் கோபுரங்களின் வழிவந்த வடிவம் அது. பார்ப்பதற்குச் சோளக்கதிர் போல இருக்கும். இரண்டாம் ராமா தொடங்கி, மூன்றாம் ராமா முடித்தார். உயரத்தை ஒரு நூல் 66 மீட்டர் என்கிறது, இன்னொன்று 86 என்கிறது. எதை நம்பினாலும், ஆற்றின் நடுவிலிருந்து படகில் வரும்போது உயரம் மனத்தில் பதிந்துவிடும்.

தூரத்தில் சாம்பல் கலந்த வெள்ளையாகத் தெரிவது, அருகே போனால் பூக்களாகப் பிரிகிறது. ஒரு பூவை உற்றுப் பார்த்தேன். நடுவில் ஒரு சிறு சீனக் கிண்ணத்தின் அடிப்பாகம் அப்படியே பதிக்கப்பட்டிருந்தது. அதன் வட்ட விளிம்பே பூவின் பொகுட்டு. சுற்றிலும் தட்டுகளை உடைத்து இதழ் வடிவில் சீவிய துண்டுகள், ஒவ்வொன்றும் உட்குழிவு வெளியே தெரியும்படி சுண்ணாம்புக் காரையில் அழுத்தப்பட்டிருந்தன. தட்டின் இயல்பான வளைவே இதழின் வளைவாகிவிட்டது. சில இதழ்களில் பழைய தட்டின் நீலக் கொடியும் இலையும் பாதியில் அறுபட்டு நிற்கின்றன. சீனத்திலிருந்து திரும்பும் கப்பல்களில் பாரத்துக்காக ஏற்றி வந்த பீங்கான் என்று அங்கே சொல்கிறார்கள். வண்ணம் மங்கினால் நாங்கள் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். அங்கே நிறமே பீங்கானாக இருப்பதால் வெயிலும் மழையும் ஒன்றும் செய்வதில்லை. காரைதான் விட்டுப்போகும், துண்டு கழன்று விழும்.

2013 முதல் 2017 வரை பெரிய அளவில் பழுது பார்த்தார்கள். முடிந்தபோது கூம்பு முன்னைவிட வெளுத்துவிட்டது என்று அந்த ஊர் மக்களே குறைப்பட்டுக்கொண்டார்கள். புதிய சுண்ணாம்பு சில ஆண்டுகள் பளீரென்றுதான் இருக்கும், அது தொழில் தெரிந்தவருக்குப் புரியும். ஆனாலும் பழைய துண்டுகள் இருந்த இடத்தில் ஒரே அளவில் வெட்டிய புதிய துண்டுகள் வந்திருப்பதைக் கண் கண்டுபிடித்துவிடுகிறது. பழையதில் இரண்டு இதழ் ஒன்றுபோல இருக்காது.

தளங்களைத் தாங்கி நிற்கும் அரக்கர்களையும் குரங்குகளையும் விட்டுவிடாதீர்கள். எல்லாம் வரிசையாக ஒரே நிலையில் கையை உயர்த்தி நிற்கின்றன. மேலே நான்கு மாடங்களில் மூன்று தலை யானைமீது இந்திரன் இருக்கிறார். சுற்றியுள்ள நான்கு சிறு கூம்புகளில் குதிரைமீது வாயு பகவான் இருக்கிறார். ஏறும் படிகள் மிகச் செங்குத்து. இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி இறங்குவது நல்லது.

பாரதி வீதி (புதுச்சேரி) எழுதியது:

கெடிலக்கரை ஐயாவின் விளக்கம் தெளிவாக இருந்தாலும், அரண்மனை வளாகத்தை விட்டுவிடலாம் என்ற ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. கேள்வி கேட்டவர் கட்டட வடிவங்களைப் பிரித்தறிய விரும்புகிறார். அதற்கு மரகத புத்தர் ஆலயமான வாட் பிரா கேயோவின் மேல்மேடையைவிடப் பொருத்தமான இடம் அந்நகரில் இல்லை. மூன்று வகைக் கூம்புகள் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. மேற்கே, இலங்கை மரபிலிருந்து வந்த மணி வடிவச் சேடி (அதாவது தூபி), முழுவதும் பொன்னிறச் சில்லுகள் பதித்து. நடுவில், சதுர அடித்தளத்தின்மேல் படிப்படியாகக் குறுகி ஊசியாக முடியும் கூரைகொண்ட மொண்டோப். திரிபிடகச் சுவடிகளை வைப்பதற்கென்று கட்டப்பட்டது. கிழக்கே, சிலுவை வடிவத் தரைப்படமும் அடுக்குக் கூரைகளும் கொண்டு, அவற்றின் சந்திப்பில் ஒரு பிராங்கைச் சூடிய அரச குடும்ப மண்டபம். பார்ப்பவர் இருபது அடி நடந்தால் போதும், சேடி எது, பிராங் எது என்ற ஐயம் ஒருபோதும் வராது.

மரகத புத்தர் சிலை 66 சென்டிமீட்டர் உயரமே உள்ளது என்பது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். உயரமான பீடத்தில் வைத்திருப்பதால் முகத்தைக் காண்பதே கடினம். உள்ளே இடம் கிடைக்காவிட்டால் வெளியே வந்து மண்டபத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். நாகங்களைப் பற்றிய 112 கருடர்கள் கட்டடத்தைச் சுற்றிலும் அதைத் தாங்குவதுபோல் நிற்கின்றனர். முகப்பில் கருடன்மேல் திருமால். சுற்றுமாளிகைச் சுவரில் 178 பகுதிகளாக அந்நாட்டு இராமகாதை முழுவதும் தீட்டப்பட்டுள்ளது. அதைத் தொடங்கினால் நாள் போய்விடும் என்பதால் உங்களை எச்சரிக்கிறேன்.

அடுத்து, மூன்றாம் ராமாவைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். 1824 முதல் 1851 வரை ஆண்ட அவர் சீன வணிகத்தில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். அவர் காலத்து ஆலயங்கள் சிலவற்றில், கெடிலக்கரை ஐயா வருணித்த நாகப் பலகையும் உச்சிக் கொம்பும் அறவே இல்லை. முகப்பு செங்கல்லால் கட்டப்பட்டு, சுதையும் பீங்கான் பூக்களும் பதித்து, சீன பாணியில் முடிகிறது. கனத்த சதுரத் தூண்கள் போதிகை என்ற தூண்தலை இன்றி நேராகக் கூரையைத் தொடுகின்றன. ஆற்றின் மேற்குக் கரையான தோன்புரிப் பக்கத்தில் உள்ள வாட் ராட்சஓரோட் இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு. மரச் செதுக்கலைவிட இது மழையில் நீடித்து நிற்கும் என்ற நடைமுறைக் கணக்கும் இதில் உண்டு. பாங்காக் ஆலயம் என்றாலே ஒரே அச்சு என்ற எண்ணத்தை இந்த ஒரு கட்டடம் கலைத்துவிடும்.

அதே அரசர் 1846இல் தொடங்கிய இன்னொன்று வாட் ராட்சநத்தாவில் உள்ள லோக பிராசாதம். அனுராதபுரத்தில் இன்று 1600 கல்தூண்களாக மட்டும் எஞ்சி நிற்கும் பழைய உலோக மாளிகையை நினைவில் வைத்து எழுப்பப்பட்டது. சதுரத் தரைப்படத்தில் நெடுக்கும் குறுக்குமாகக் குறுகிய நடைவழிகள் வெட்டிக்கொள்கின்றன. நடுவில் ஒரு மரத்தூணைச் சுற்றிச் சுழல்படிக்கட்டு. வெளித்தளத்தில் 24, அடுத்ததில் 12, உச்சியில் 1 என 37 உலோகக் கூம்புகள். ஞானம் அடைவதற்குத் துணையான 37 தருமங்களை அவை குறிக்கின்றன. வரைவாளர் ஒருவர் தரைப்படத்தைத் தாளில் வரைந்தவாறே நடக்கத்தக்க கட்டடம் அது. முன்னால் ஒரு பெரிய திரையரங்கு நின்று பல்லாண்டுகள் அதை மறைத்திருந்தது. 1989இல் அதை இடித்த பிறகே சாலையிலிருந்து முழுத் தோற்றம் தெரிகிறது. ஆலயத்தைக் காட்டத் திரையரங்கை இடித்த நகரம் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

கடைசியாக, புதுச்சேரிக்காரர் என்பதால் உங்களுக்கு வாட் பெஞ்சமபோபிட். நம் ஊர் இருதய ஆண்டவர் பசிலிக்கா எழுந்த அதே காலத்தில், அதாவது 1899இல் தொடங்கி, இத்தாலியின் கராரா சலவைக்கல்லால் ஐந்தாம் ராமா கட்டுவித்தது. வடிவமைத்தவர் இளவரசர் நரிசர. உடன் இத்தாலியப் பொறியாளர்கள் பணிபுரிந்தனர். தாய்க் கூரை, ஐரோப்பியக் கல், வண்ணக் கண்ணாடிச் சன்னல். நம் பசிலிக்காவின் சன்னல்களில் புனிதர்கள் நிற்கும் இடத்தில் அங்கே வணங்கும் தேவர்களின் உருவங்கள் இருக்கின்றன. இரு மரபுகள் கலந்தால் பெரும்பாலும் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். இங்கே அப்படி நேரவில்லை என்பது என் கருத்து. பின்புறச் சுற்றுமாளிகையில் பல நாட்டுப் பாணிகளில், பல காலத்தனவாக 52 புத்தர் சிலைகள் உள்ளன.

உப்பளம் வரைவாளர் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மண்டபமும் கூம்பும் பிரிந்து நிற்கின்றன என்ற ஒரு வரியே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டது. இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. பாங்காக் ஆற்றுவண்டல்மேல் அமைந்த நகரம் என்று படித்திருக்கிறேன். அந்த மண்ணில் இத்தனை பாரத்தை எப்படி ஏற்றினார்கள்? மற்றொன்று, பிராங்குக்கும் நம் விமானத்துக்கும் நேரடி உறவு ஏதேனும் உண்டா?

கெடிலக்கரை எழுதியது:

மண்ணைப் பற்றிய கேள்விக்கு அந்நகரமே ஒரு விடையை வைத்திருக்கிறது. வாட் சாகேட்டில் மூன்றாம் ராமா மிகப் பெரிய சேடி ஒன்றைக் கட்டத் தொடங்கினார். கீழே இருந்த களிமண் பாரம் தாளாமல் அமிழ்ந்து, கட்டுமானம் பாதியில் சரிந்தது. செங்கல்லும் சேறுமாகக் குவிந்த அந்த இடிபாடு ஒரு குன்றாகவே நின்றுவிட்டது. செடிகொடி மண்டிய அக்குன்றின் உச்சியில் நான்காம் ராமா சிறிய சேடி ஒன்றைத் தொடங்க, ஐந்தாம் ராமா காலத்தில் அது முடிந்தது. பொன்மலை என்று இன்று எல்லோரும் ஏறிப் பார்ப்பது அடித்தளம் தோற்றுப்போன ஒரு கட்டடத்தின்மேல் நிற்பது. 1898இல் உத்தரப் பிரதேசத்தின் பிப்ரவாவில் அகழ்ந்தெடுத்த புத்தரின் எலும்புத்துண்டுகளில் ஒரு பகுதி அங்கே வைக்கப்பட்டுள்ளது. மண் அரிக்காமல் இருக்க 1940களில் சுற்றிலும் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். வாட் அருண் நின்றதற்கு அதன் அகன்ற, படிப்படியான அடித்தளம் பாரத்தைப் பரப்பிவிடுவது ஒரு காரணம் என்பது என் தொழில் அறிவு சொல்வது.

பிராங் கம்போடியக் கோபுரத்திலிருந்து வந்தது. கம்போடியக் கோபுரத்துக்கும் நம் விமானத்துக்கும் இந்திய மூலம் பொதுவாக உண்டு. உறவுமுறை சொல்வதென்றால் பங்காளிகள் எனலாம். தந்தை மகன் என்று சொல்லிவிடக் கூடாது. இணையத்தில் எல்லாம் சோழர் கட்டியது என்று எழுதுபவர்களை நம்ப வேண்டாம். கடல் கடந்த பௌத்தக் கட்டடக்கலைத் தொடர்புக்குச் சான்று வேண்டுமானால் நாகப்பட்டினத்தில் இருந்தது. ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தை நிவந்தமாக அளித்த செய்தி லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது. அங்கே எஞ்சி நின்ற மூன்று நிலைச் செங்கல் கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள்.

தேவனாம்பட்டினம் (கடலூர்) எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. வாட் சுதாட்டின் முன்னால் சிவப்பு வண்ணத்தில் உயரமான இரண்டு தேக்குத் தூண்கள் நிற்பதைப் பார்ப்பீர்கள். அதுதான் பேரூஞ்சல். பிராமணர்கள் நடத்திய ஊஞ்சல் சடங்கு 1935க்குப் பின் நின்றுவிட்டது. இப்போதுள்ள மரம் 2007இல் மாற்றப்பட்டது. சடங்கின் எஞ்சிய பகுதி பக்கத்திலுள்ள தேவஸ்தான் என்ற இந்துக் கோயிலில் இன்றும் நடக்கிறது. நம் திருவெம்பாவைப் பாடல்கள் உருமாறிய ஒலிப்பில் அங்கே ஓதப்படுகின்றன. மூன்று சிறு செங்கல் கட்டடங்கள், வெள்ளைச் சுவர். பௌத்த ஆலயம் அல்ல என்றாலும் ஐந்து நிமிட நடையில் இருப்பதால் சொல்கிறேன்.

வாட் போவைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 46 மீட்டர் நீளமுள்ள சயன புத்தரை, அவருக்கென்றே அளவெடுத்துக் கட்டியதுபோன்ற மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். தூண்களின் ஊடே துண்டு துண்டாகத்தான் காண முடியும். முழு உருவமும் ஒரே பார்வையில் வேண்டுமென்றால் பாதத்தின் பக்கம் போய் நில்லுங்கள். அங்கே உள்ளங்காலில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலக் குறிகளும் உள்ளன. வெளியே முதல் நான்கு அரசர்களுக்கான நான்கு பெருஞ்சேடிகள், பச்சை, வெள்ளை, மஞ்சள், நீலம் என்று ஓட்டு நிறத்தால் வேறுபடும். அவற்றின் மூலைகள் பலமுறை மடிந்து மடிந்து வருவதை வரைந்து பாருங்கள். மணி வடிவச் சேடியிலிருந்து அது எப்படி மாறுபடுகிறது என்பது விளங்கும்.

பாரதி வீதி எழுதியது:

இடங்களின் அமைவை வைத்துப் பார்த்தால் உங்கள் சனிக்கிழமை ஆற்றோரத்துக்கே போதுமானது. காலை எட்டரைக்கு அரண்மனை வாயிலில் நின்றுவிடுங்கள். பிற்பகல் மூன்றரைக்குமேல் அங்கே சீட்டு தருவதில்லை. முழங்கால் தெரியும் உடைக்கும் கையில்லாச் சட்டைக்கும் அனுமதி இல்லை. அங்கிருந்து வாட் போவுக்கு நடந்தே போகலாம்; தா தியன் துறையில் படகேறினால் எதிர்க்கரையில் வாட் அருண். மாலைக்குள் மூன்றும் முடிந்துவிடும். ஞாயிறு காலை வாட் சுதாட், அதன்பின் லோக பிராசாதம், பொன்மலை. இவை மூன்றும் ஒன்றுக்கொன்று நடை தூரம்தான். வாட் பெஞ்சமபோபிட்டுக்கு மட்டும் வண்டி வேண்டும். வாட் ராட்சஓரோட் தொலைவு என்பதால் நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

சில்லறை மாற்றும்போது முன்னைய அரசர் காலத்து நாணயங்கள் கிடைத்தால் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பாட் நாணயத்தில் வாட் பிரா கேயோ, இரண்டில் பொன்மலை, ஐந்தில் சலவைக்கல் ஆலயம், பத்தில் வாட் அருண்.

சுதை வேலை எழுதியது:

படம் எடுத்தால் எனக்காக ஒன்று எடுத்து வாருங்கள் ஐயா. வாட் அருணில் ஆற்றைப் பார்க்காத மேற்குப் பக்கத்தில், இரண்டாவது தளத்துக்குக் கீழே, கையெட்டும் உயரத்தில் பூக்கள் இருக்கின்றன. காரையின் கனமும் துண்டின் விளிம்பும் தெரியும்படி, வெயில் சாய்வாக விழும் நேரத்தில், பக்கவாட்டிலிருந்து எடுங்கள். நேராக எடுத்தால் பளபளப்பு மட்டும்தான் பதியும்.